சுருட்டி வைத்த ஈரம்

சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கு மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள், என் கண்ணுகளா. பிறகு குமட்டுகிறது என்று என்னைக் குறை சொல்லக் கூடாது. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம் வந்தால் நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சலவைக் கடையில் துணி வாங்கிப் பிரிக்கிற வேலையில் ஒருத்தி இருந்தாள். கடையில் எல்லாரும் அவளை மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் நீளம் கிடையாது. ஒரு சட்டையை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே இது எண்ணெய், இது பால், இது குழந்தை கக்கியது, இது குழந்தையின் அப்பா குடித்துவிட்டுக் கக்கியது என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். மிஷின்காரர்கள் அவள் சொன்னதை வைத்துத்தான் மருந்து கலப்பார்கள். நாள் முழுக்க அடுத்தவர் அக்குளை மோந்து பார்க்கிற பிழைப்பு. வீடு திரும்பினால் அவளுக்கு எந்த வாசமும் வேண்டாம். ஊதுபத்தி வேண்டாம், சென்ட் வேண்டாம், சும்மா கிடக்கிற காற்று போதும் என்பாள்.

அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். சிரித்த முகம். எது கெட்டுப்போனாலும் "பார்த்துக்கலாம்" என்பார். லிப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறும்போது, கதவு இடுக்கு வழியாக அவர் அந்தச் சொல்லைச் சொன்னாலே அவர்களுக்குப் பாதி உயிர் திரும்பி வரும். வீட்டில் அதே சொல்லைக் கேட்டால் மூக்கிக்கு இருக்கிற உயிரும் போகும். ஒழுகுகிற குழாய், ஆடுகிற நாற்காலி, மூடாத ஜன்னல், எல்லாம் வருஷக்கணக்காக அவர் பார்த்துக்கொள்வதற்காகக் காத்துக்கிடந்தன.

அவருக்கு ஒரு தங்கை. மூக்கிக்கு நாத்தனார். நாத்தனார் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. அந்த மாதிரி நாத்தனார் இல்லை இவள். அண்ணி தலைவலி என்று படுத்தால் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போகிறவள். கண்ணாடிக் கடையில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் படியில் வழுக்கி விழுந்து வலது தோள்மூட்டு நொறுங்கிப்போயிற்று. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டுச் சேர்த்திருந்தார்கள். கை காது உயரத்துக்கு மேல் எழும்பாது. அதற்கு முன்னால் மீன் மாதிரி நீந்தியவள், அதற்குப் பிறகு குளத்தில் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போனதில்லை.

அவளுக்குக் கிடைத்த வழிதான் அந்தப் பலகை. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ரப்பர் படகு மாதிரி காற்றடித்து வைக்கிற பலகை, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு நீளம். தண்ணீரில் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டே போகலாம். காற்றை விட்டால் பாய் மாதிரிச் சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். துடுப்பைக் கொஞ்சம் கட்டையாக வைத்துக்கொண்டால் அவள் தோள் ஒத்துழைத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போவாள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டை சரியாகத் தையல் போட்ட இடத்தில் அறுக்கும், அதனால் போட மாட்டாள். பலகையோடு இணைத்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொள்வாள். விழுந்தாலும் பலகை கூடவே இருக்கும், பிடித்துத் தொங்கிக்கொள்ளலாம். அந்தப் பலகைக்குள் இருக்கிற காற்றுதான் அவளுக்கு நீச்சல்.

அந்தக் கண்ணாடிக் கடையின் இன்னொரு கிளையைப் பார்த்துக்கொள்ள நாலு மாதம் வெளியூர் போக வேண்டி வந்தபோது, பலகையை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். ஆசைப்பட்டால் நீங்களும் எடுத்துப் போங்கள் என்றாள். ஆனால் ஒரு கைப்பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி அத்தனை சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏரியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், துணியால் துடைக்க வேண்டும், நிழலில் இரண்டு பக்கமும் காய வைக்க வேண்டும், காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்ட வேண்டும், காற்று போகிற வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. ஈரத்தோடு மட்டும் சுருட்டிவிடாதே என்று அண்ணனிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் போன இரண்டாவது வாரம் அவர் மட்டும் பலகையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். மூக்கிக்கு அன்றைக்குக் கடை. வெயில் காலம், ஏரி வற்றிப் பச்சைக் குழம்பாகக் கிடந்திருக்கிறது. கரையெல்லாம் வாத்து எச்சம். இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் பலகைமேல் எழுந்து நிற்க ஏழு தடவை முயன்று ஏழு தடவையும் விழுந்திருக்கிறார். தலைமுடியில் பாசியோடு கரையேறியவருக்கு உடம்பு கூசிவிட்டது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். பலகை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து காற்றை விட்டார். காற்று போன வழியாக ஏரி உள்ளே போயிற்று. பாசியும் சேறும் எச்சமுமாக அதைச் சுருட்டி, பையில் திணித்து, ஜிப்பை இழுத்து, வீட்டுக்கு வந்து குளியலறைக்கு மேலே இருக்கிற பரணில் ஏற்றிவிட்டார். மூக்கி சாயங்காலம் கேட்டபோது, எல்லாம் அலசிக் காய வைத்தாயிற்று என்றார்.

கேட்கிறீர்களா? அந்தப் பொய்யை அவர் பெரிதாக நினைக்கவே இல்லை. நாளைக்கு எடுத்து அலசிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தார். மூன்று மாதமாக அந்த நாளைக்கு வரவே இல்லை.

இனி மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் குளித்துவிட்டு வெளியே வரும்போது மூக்கிக்குத் தன் துண்டின் மேலேயே சந்தேகம் வந்தது. துண்டை வெந்நீரில் வேகவைத்தாள். பிறகு சாக்கடைக் குழாய் மேல் சந்தேகம், மருந்து ஊற்றினாள். பிறகு எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தினாள். பிறகு புருஷனின் வேலைச் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டாள். கடைசியில், சொல்லவே கூசுகிறது, ஒரு நாள் காலை அவர் தூங்கும்போது அவர் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன, உயிர் இருக்கான்னு பார்க்கிறியா?" என்றாராம்.

"உயிர் இருக்கு. வேற ஏதோ செத்திருக்கு" என்றாள்.

நாத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போன் செய்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரியைக் குறுக்கே கடந்து அக்கரைக்குப் போகப் போகிறோம், என்னோடு துடுப்புப் போடுகிற ஆறு பேரும் வருகிறார்கள், இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த காரியம் இது, பலகையைத் துடைத்து வையுங்கள் அண்ணி என்று சொன்னாள். மழை பெய்து ஏரி நிறைந்துவிட்டது, நடுவில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும் என்றும் சொன்னாள். மூக்கி போனை வைத்துவிட்டுப் பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். பையின் அடியிலிருந்து சுவரில் ஒரு கோடு இறங்கியிருந்தது. பழுப்பு நிறத்தில், விரல் தடிமனில், பாதி காய்ந்தும் காயாமலும். அத்தனை நாளும் அதைச் சுவர்க் கறை என்று நினைத்துக்கொண்டு அதற்குக் கீழேதான் பல் தேய்த்திருக்கிறாள்.

பையைப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஜிப்பை இழுத்தார்கள். பல் பாதியில் சிக்கியது. அவர் பலமாக இழுத்ததும் உள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது, மூடி வைத்த பாத்திரத்தைப் பத்து நாள் கழித்துத் திறந்தால் வருமே, அதைவிட உயிருள்ள மூச்சு. சின்னச் சின்ன ஈக்கள் புகை மாதிரி எழும்பி மூக்கியின் உதட்டில் உட்கார்ந்தன. பலகை மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, பிரிக்கும்போது காயத்திலிருந்து கட்டுத்துணி பிரிகிற சத்தம். உள்ளே கருப்பு ரோமம் மாதிரிப் பூஞ்சை முளைத்திருந்தது. நிற்கிற இடத்தில் ஒட்டியிருக்கும் மெத்தை முழுக்கச் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது. அடியில் திசை காக்கிற தகட்டைச் செருகும் காடி ஒன்று உண்டு. அதில் வாத்து எச்சமும் பாசியும் அழுகிக் கூழாகி, கூழுக்குள் ஏதோ நெளிந்தது. காலில் கட்டுகிற கயிற்றின் ஒட்டுப்பட்டையில் ஏரிக்கு வந்தவர்களின் தலைமுடியெல்லாம் சிக்கிச் சளி மாதிரி தொங்கியது.

மூக்கி தன் வாழ்நாளில் எத்தனையோ மோந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஒரு பந்தாட்டக் குழு பெட்டியில் மறந்துபோன காலுறைகள் எல்லாம் அவள் கையில் வந்திருக்கின்றன. கடையில் ஒரு நாளும் குமட்டியதில்லை, அது ஊரார் அழுக்கு. இது வீட்டுக்குள்ளேயே வளர்த்தது. அவள் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, அலசிக் காய வைத்தேன் என்றீர்களே என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். மேலாக ஒரு தடவை அலசின மாதிரி ஞாபகம் என்றார்.

சரி, திட்டுவதற்கு நேரமில்லை, இரண்டு பேருமாக வேலையில் இறங்கினார்கள். இங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்ததில் ரோமம் போயிற்று, கருப்புப் புள்ளி போகவில்லை. ஓரம் ஓரமாக ஒட்டுப்போட்ட விளிம்பில் அது நன்றாக ஊறியிருந்தது. லிப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், கிரீஸோ மையோ எதுவானாலும் பெயிண்ட் கரைக்கிற தின்னர். துணியில் தின்னரை நனைத்து விளிம்பு முழுக்க ஒரு சுற்றுத் துடைத்தார். கருப்பு மாயமாகப் போயிற்று. விளிம்பைப் பிடித்துவைத்திருந்த பசையும் அதோடு இளகுகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. விரலில் பிசுபிசுப்பு ஏறியபோதுகூட அழுக்கு கரைகிறது என்றுதான் சந்தோஷப்பட்டார்.

அவரை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. காற்றடித்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தால், உள்ளிருந்து வந்த காற்று அந்தப் பழைய நாற்றத்தையே முகத்தில் துப்பியது. சலவைக்காரிக்குத் தெரிந்த வைத்தியமும் ஒன்றுதான், நாற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே சோப்பு போக வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த வாசனைத் திரவத்தை வெந்நீரில் கலந்து, காற்று போகிற வாயில் புனல் வைத்து ஒரு வாளி ஊற்றியது மூக்கிதான். ஒரு சொட்டுப் படக் கூடாது என்று சொன்ன இடம் அது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார்கள். ஊற்றியதில் பாதி வெளியே வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது, எங்கே தங்கியது என்று தெரியவில்லை. குலுக்கினால் கருவுற்ற வயிறு மாதிரி களுக்கென்றது.

மறுநாள் காற்றடித்தபோது வால் பக்கத்து விளிம்பில் சோப்புக் குமிழி பூத்தது. அந்த இடத்தில் விளிம்புப் பட்டை நகக்கண் அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. அவர் கதவு ரப்பர் ஒட்டுகிற பசையைத் தடவி, மேலே செங்கல்லை வைத்தார். காய்ந்ததும் பாதிக் காற்று மட்டும் அடித்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து விரலால் அழுத்தினால் மெத்தென்று இறங்கியது.

இதைத் தங்கையிடம் சொல்லிவிடுவோம் என்றாள் மூக்கி. அவர் மெதுவான குரலில் கணக்குப் போட்டார்.

"அக்கரைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரம். இது ரெண்டு மணி நேரம் தாங்குது. போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் இறங்கினா, வழியில முள்ளு குத்திருச்சுன்னு அவளே நினைச்சுக்குவா. நீ ஊத்துன தண்ணியப் பத்தியும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

கண்ணுகளா, அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் அவள் விழுந்தாள். தன் கையும் அதில் நனைந்திருந்ததால் வாய் எழவில்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை, புனலைக் கழுவி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அது சரி என்று சொன்னதற்குச் சமானம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பையைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு, "அண்ணி, கடையில குடுத்து வெளுத்தீங்களா? புதுத்துணி மாதிரி வாசமா இருக்கு" என்றாள். அவர் சிரித்தார். உனக்காக இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தோம் என்றார். தேய்த்தது பொய்யில்லை, அதுதான் கொடுமை. தங்கை அவர் கையைப் பிடித்து, தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன விரல்களைத் தடவிக் கொடுத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தடவட்டும் என்று விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

மூக்கி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பதினாறு வருஷம் பார்த்த சிரிப்பு. பலகையில் முளைத்திருந்த ரோமம் அவர் பல்லிலும் முளைத்திருப்பதாகத் தோன்றியது. அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் தட்டை ரொட்டித் துண்டால் வழித்து விரலை நக்கியபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே நின்று தன் உள்ளங்கையை மோந்து பார்த்தாள். கடைத் திரவத்தின் வாசம், அதற்கு அடியில் இன்னொன்று. எத்தனை தடவை கழுவினாலும் இருந்தது. சனிக்கிழமை கடையில் மூன்று சட்டைகளுக்குத் தப்பான மருந்து சொன்னாள். மிஷின்காரர் ஒருவர், மூக்கிக்கு மூக்கு அடைத்துவிட்டதா என்று கேலி செய்தார். அவளுக்கு எல்லாமே ஒரே வாசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கு மூவரும் போனார்கள். வழியனுப்புகிறேன் என்று, எங்கே போனாலும் தூக்கிப் போகிற வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பி வந்தார். ஏரி நிறைந்து கிடந்தது, அக்கரை மரங்கள் கைவிரல் உயரத்துக்குத் தெரிந்தன. கூட வருகிற ஆறு பேரும் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிக் காத்திருந்தார்கள். நாத்தனார் பம்பை மிதித்துப் பிடித்து இடது கையால் அடித்தாள், கை ஓய்ந்தபோது அண்ணன் வாங்கி அடித்தார். பம்பில் காற்றின் அளவு காட்டுகிற முள் முழு அளவுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, போதும், வெயிலில் காற்று விரியும் என்றார். அவர் சொன்னது உண்மைதான், வெயிலில் விரியும். ஆனால் அவர் நிறுத்தியது எதற்கு என்று மூக்கிக்குத் தெரிந்தது. விளிம்பு பிரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் தங்கையை ஏற்றுகிறார்.

நாத்தனார் கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பலகையைத் தண்ணீரில் தள்ளினாள். முட்டி அளவு தண்ணீரில் நின்று, துடுப்பைக் குறுக்கே வைத்து, ஒரு முழங்காலைப் பலகைமேல் ஊன்றினாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் மூக்கி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "முதல்ல நீங்க ஒரு சுத்து போயிட்டு வாங்க."

அவர் சிரித்தார். எனக்கு எங்கே அதில் நிற்கத் தெரியும், தங்கைக்கு நேரமாகிறது என்றார். நிற்க வேண்டாம், உட்கார்ந்தே போங்கள் என்றாள். பேண்ட் நனையும் என்றார். நான் வெளுத்துத் தருகிறேன், அதுதான் என் வேலை என்றாள். தண்ணீரில் இருந்தவர்களில் ஒருவர் இதைப் புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்து, ஏறுங்க சார் என்று உற்சாகப்படுத்தினார். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே முழங்காலை எடுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். கரைச்சேற்றில் செருப்பு பதிந்தது.

"ஏறுங்க" என்றாள் மூக்கி.

"எனக்கு நீச்சல் தெரியாதுல்ல" என்றார் அவர்.

சொல்லிவிட்டு அவரே அந்தச் சொல்லைக் கேட்டார். அது மெல்ல அவர் முகத்தில் இறங்குவதை மூக்கி பார்த்தாள். நாத்தனாரின் கையில் கயிறு அப்படியே இருந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், குனிந்து பலகையின் விளிம்பில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே வால் பக்கம் வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. புதுப் பசை, கருப்பாக, ஒரு சாண் நீளத்துக்கு. அழுத்தினாள். விரல் நுனியில் சின்னதாகக் குமிழி வெடித்தது, கடை வாசத்தோடு.

மூக்கி எல்லாவற்றையும் சொன்னாள். பரண், ரோமம், தின்னர், செங்கல், இரண்டு மணி நேரக் கணக்கு. உள்ளே வெந்நீர் ஊற்றியது நான் என்பதையும் சொன்னாள். இவர் சொல்ல மாட்டேன் என்றதால் நானும் சும்மா இருந்தேன், வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன் என்றாள். அழவில்லை. அழுதால் அதுவும் ஒரு வாசனைத் திரவம் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் அண்ணனிடம்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

"உனக்கு நீச்சல் தெரியாதுன்னு நீ ஏறல. எனக்கு இந்தக் கை தூக்காதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வழக்கமாகச் சொல்லும் சொல்லாகத்தான் இருந்திருக்கும். பாதியில் விழுங்கிக்கொண்டார். "தெரியும்" என்றார்.

காத்திருந்தவர்களில் ஒருவர், வேறு நாள் போகலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாத்தனார் வேண்டாம், நீங்கள் போங்கள் என்று கை காட்டினாள். ஆறு பலகைகளும் வரிசையாகக் கிளம்பி நடு ஏரிக்குப் போகிறவரைக்கும் அவள் முட்டித் தண்ணீரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் நினைத்த காரியம். அண்ணனும் அண்ணியும் கரையில் நின்றார்கள், பக்கத்தில் பக்கத்தில் இல்லை.

பிறகு அவள் பலகையைக் கரைக்கு இழுத்தாள். இதை இப்படியே குப்பையில் போட்டால் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வாசமாக வேறு இருக்கிறது, யாராவது எடுத்துக் காற்றடித்துக்கொண்டு வந்து ஏறிவிடுவார்கள், வெட்டிவிடலாம் என்றாள். அவர் தன் வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். மூக்கி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, நீங்கள் அந்த முனையைப் பிடியுங்கள் என்றாள்.

மெத்தைக்கு நடுவில் கத்தியை இறக்கி இழுத்தாள். காற்று போகிற சத்தம் அடங்கியதும் இரண்டு தோலும் பிளந்தன. உள்ளே மேல் தோலையும் கீழ்த் தோலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நூல் நெருக்கமாக நின்றது, வெள்ளையாக இருக்க வேண்டிய நூல். ஒவ்வொன்றும் சாம்பல் நிறச் சளியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. அதற்கு இடையில் அவள் ஊற்றிய சோப்புத் தண்ணீர் கொழகொழவென்று கெட்டிப்பட்டு, ஏரிப் பாசியோடு சேர்ந்து, கத்தி போகப் போகக் கட்டி கட்டியாக அவர் முழங்கைமேல் வழிந்தது. பூ வாசமும் பிண வாசமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் மூக்கிக்குத் தெரிந்தது. தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாந்தி எடுத்தார். முனையை விடவில்லை. இரண்டாவது தடவையும் எடுத்தார், அப்போதும் விடவில்லை. பாதி பலகை வெட்டியாயிற்று, இனி யாருக்கும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

நாத்தனார் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் வாயைக் கொப்பளித்தார், முழங்கையைக் கழுவினார், பாட்டில் வாயைத் தன் சட்டையால் நன்றாகத் துடைத்து, மூடியைத் திருகி, அவளிடம் நீட்டினார்.

"வேண்டாம். நீயே வச்சுக்கோ" என்றாள்.

பிறகு மூக்கியின் எதிரே வந்து குந்தி, அவர் விட்ட முனையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மீதியையும் வெட்டுங்க அண்ணி."